புதுப்பிப்பு: விளக்கைச் சுற்றும் இறக்கைப் பூச்சிகளும் குறைந்த சிட்டுக்குருவிகளும்

கோடை மாலைகளில் வாசல் விளக்கை இறக்கைப் பூச்சிகள் மொய்க்கின்றன, தோட்டத்தில் சிட்டுக்குருவிகள் குறைந்துவிட்டன, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"முதலில் என்ன பூச்சி என்று பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஈசலுக்கு, அதாவது இறக்கை முளைத்த கரையானுக்கு, நான்கு இறக்கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம், இடுப்பு தடிப்பு, உணர்கொம்பு நேராக இருக்கும். எங்கள் வாசலில் விழுந்தவற்றுக்கு முன்னிறக்கை நீளம், இடுப்பு ஒடுக்கம், உணர்கொம்பு முழங்கைபோல மடிந்திருந்தது. இணைசேரப் பறந்து வரும் எறும்புகள்! கரையான் பயம் தீர்ந்தது. மருந்து அடிக்கவில்லை. விளக்கை அணைத்ததும் மொய்ப்பது அன்றே குறைந்தது.

எதிர்பாராதது, மைனாக்கள். எறும்புகள் கிளம்பும் நேரத்தில் கூட்டமாக வந்து தரையிலேயே கொத்தித் தின்கின்றன. இதுவரை இத்தனை மைனாக்களை இங்கே பார்த்ததில்லை.

சிட்டுக்குருவிகள் தானியம் வைத்தும் வரவில்லை. குஞ்சுகளுக்கு அவை பெரும்பாலும் பூச்சிகளைத்தான் ஊட்டும் என்று ஒருவர் விளக்கியிருந்தார். அதனால் ஒரு மூலையில் புல்லை வெட்டாமல் விட்டோம். இப்போது ஒன்றிரண்டு அங்கே வந்து பூச்சி பொறுக்குகின்றன. பழைய எண்ணிக்கை இன்னும் திரும்பவில்லை.