டிஆர்6 முன் ஸ்பிரிங்: ஜாக்கி போதுமா, திரெட் ராடு வேண்டுமா?

பழையஇரும்பு: என்னிடம் இருப்பது 1972 மாடல் டிரையம்ஃப் டிஆர்6, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்கத்தை முழுக்கக் கழற்றி, விஷ்போன்களுக்கு (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கைகள்) பெயின்ட் அடித்து, அவற்றின் மூட்டுகளில் உட்காரும் புஷ்களும் புதிதாகப் போட்டாயிற்று. இனி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். இன்ஜின் இன்னும் வெளியேதான் இருக்கிறது. ஸ்பிரிங்கைக் கீழிருந்து தாங்கும் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அமுக்கினால் போதும் என்கிறார் ஒருவர். திரெட் ராடு (நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பி) விட்டு நட்டைத் திருகி அமுக்காமல் கையே வைக்காதே என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

ஜாக்கிதாசன்: ஜாக்கி போதும். சக்கரப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பிரிங்குக்கு முழுப் பாரம் கிடையாது, வண்டி தரையில் நிற்கும்போது தாங்குவதைவிடக் குறைவுதான். தட்டின் எதிரெதிர் மூலைத் துளைகளில் நீளமான போல்ட் இரண்டை வழிகாட்டியாக விடுங்கள், தட்டு நேராக மேலே வரும். சங்கிலி ஒன்றைச் சுருளுக்குள் நுழைத்துச் சேசிஸோடு கட்டிவிட்டால் பயமும் இல்லை. இதற்குப் போய் ஆயுதம் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

நட்டுபோல்ட்டு: அவர் எழுதியதை முழுசாகப் படித்தீர்களா? இன்ஜின் வெளியே இருக்கிறது! ஜாக்கி கீழிருந்து தள்ளும்போது மேலே எதிர்த்து நிற்பது வண்டியின் எடை மட்டும்தான். ஆறு சிலிண்டர் இரும்பு இன்ஜினை எடுத்த பிறகு முன்பக்கத்தில் என்ன கனம் மிச்சமிருக்கும்? ஜாக்கியை அடிக்க அடிக்க ஸ்பிரிங் சுருங்காது, சேசிஸ்தான் ஸ்டாண்டை விட்டு எழும்பும்.

தொங்கும்போது பாரம் குறைவு என்கிறீர்கள், சரி. எதைவிடக் குறைவு? இந்த வண்டியில் ஸ்பிரிங் இருப்பது சக்கரத்தின் பக்கத்தில் இல்லை, விஷ்போனின் நடுவாக்கில். சரியாக நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், சக்கரத்துக்கு வரும் எடையைப்போல் இரண்டு மடங்கு ஸ்பிரிங்குக்கு வரும். அது பாதியாகக் குறைந்தாலும் அந்த மூலையின் முழு எடைக்குச் சமம். இன்ஜின் இல்லாத மூலை அதை எப்படித் தாங்கும்?

ஜாக்கிதாசன்: முன்னால் மணல் மூட்டை வைத்தால் தீர்ந்தது. அதை விடுங்கள், உங்கள் ராடு மட்டும் என்ன யோக்கியம்? கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதா ராடு மெத்து இரும்பு. பாரத்தோடு நட்டைத் திருகினால் மரை உராய்ந்து சூடாகிக் கடித்துக்கொள்ளும். பாதி வழியில் நட்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டால், அமுங்கிய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

நட்டுபோல்ட்டு: அதனால்தான் சாதா ராடு கூடாது என்கிறேன். 8.8 அல்லது அதற்கு மேல் வலிமைத் தரம் உள்ள ராடு வாங்க வேண்டும். மரை முழுக்க மாலிப்டினம் கிரீஸ், திருகும் நட்டுக்கு அடியில் திரஸ்ட் பேரிங் (பாரத்தோடும் நட்டை லேசாகச் சுழலவிடுவது). கை ஸ்பேனர் மட்டும்தான். இம்பாக்ட் கன் வைத்து விர்ரென்று ஓட்டுபவர்களுக்குத்தான் மரை கடிக்கும்.

ராடு போகும் வழி ஏற்கெனவே தயாராக இருக்கிறது. இந்த வண்டியில் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்கு உள்ளேயே நிற்பது. அதன் மேல்தண்டு நுழையும் துளை வழியாக ராடை இறக்கி, மேலே கனமான தகடும் இரட்டை நட்டும் போடுங்கள். கீழே தட்டின் நடுவில் பெரிய ஓட்டை இருக்கும், அங்கேயும் ஒரு தகடு, அதன் கீழ் திருகும் நட்டு. ஸ்பிரிங் துளிகூட அமுங்காத நிலையிலேயே நட்டு மரையைப் பிடிக்கிற அளவுக்கு ராடு நீளமாக இருக்க வேண்டும். தட்டின் போல்ட்டுகள் எல்லாம் இறுகிய பிறகு ராடை உருவிவிட்டு ஷாக் அப்சார்பரை மாட்டலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன் வேண்டிய ஸ்பிரிங்கை 100 மி.மீ. அமுக்கினால் விசை 5000 நியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ பாரம். உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல் 250 ஜூல்: 25 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போல. ராடு முறையில் இந்த விசை மேல்தகட்டுக்கும் கீழ்த்தகட்டுக்கும் இடையிலேயே அடங்கிவிடும், வண்டி கனமா லேசா என்ற கேள்வியே எழாது. ஜாக்கியில் அத்தனையும் ஒரு சின்னக் கிண்ணத்தின் மேல் நிற்கிறது. அதுவும் டிராலி ஜாக்கியின் கை நேராக ஏறாது, வில்போல் வளைந்த பாதையில்தான் ஏறும். சொரசொரப்பான தரையில் சக்கரம் உருளாமல் மாட்டிக்கொண்டால் தட்டைப் பக்கவாட்டில் இழுத்துவிடும்.

மெதுவாப்போ: சண்டைக்கு நடுவில் ஒன்று. அமுக்குவதற்கு முன்பே ஸ்பிரிங்கின் மேலும் கீழும் ரப்பர் வளையங்கள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். பழைய ஸ்பேசர் (உயரத்தைச் சரிக்கட்டும் வளையம்) இருந்தால் எந்தப் பக்கம் எது என்று குறித்து வைத்தீர்களா? மாறினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இன்னொன்று, விஷ்போன் புஷ் போல்ட்டுகளை இப்போதே முழுசாக இறுக்காதீர்கள். இன்ஜினும் ஏறி, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஜாக்கிதாசன்: அது ரப்பருக்கு. பாலியூரிதேன் புஷ் உள்ளே இருக்கும் ஸ்லீவ் (குழாய்) மேல் தானாகச் சுழலும், எப்போது இறுக்கினாலும் ஒன்றுதான்.

பழையஇரும்பு: போட்டது ரப்பர்தான், அதனால் கடைசி இறுக்கத்தைத் தள்ளிவைக்கிறேன். ஸ்பேசரில் இடது வலது குறித்திருக்கிறேன். இன்ஜின் வர நாளாகும், ராடு வழியிலேயே போகிறேன். ராடைத் திருகும்போது தட்டுக்கு அடியில் ஜாக்கியைத் தொட்டாற்போல் வைத்துக்கொண்டே வரலாமா?

நட்டுபோல்ட்டு: தாராளமாக. பாரம் மட்டும் ராடில் இருக்கட்டும். ராடுக்கு நேர் கீழே தலையை நீட்டாதீர்கள்.

ஜாக்கிதாசன்: ஆக, ஜாக்கி இல்லாமல் வேலை நடக்காது. இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்!