மறு: ‘ஸ்லக்’கை நத்தை ஆக்காமல் என்ன செய்வது?

அனைவருக்கும் வணக்கம்.

வலைத்தளக் கையேட்டில் ‘ஸ்லக்’ என்ற இந்த ஒரு சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறோம். இணைய முகவரியில் ஒரு பக்கத்தையோ இடுகையையோ அடையாளம் காட்டும் சிறு பெயர்தான் அது; ஆங்கிலத்தில் ஓடில்லாத நத்தைக்கும் அதே சொல். தானியங்கி மொழிபெயர்ப்பு ‘நத்தையை உள்ளிடுக’ என்று கொடுத்ததை அக்கா இங்கே போட்டபோது நானும் சிரித்தேன். அந்தப் பெட்டியில் எதை எழுத வேண்டும் என்று புதிதாகத் தளம் தொடங்குகிறவருக்குச் சொல்லும் சொல்தான் இன்னும் கிடைக்கவில்லை. இதுவரை வந்தவற்றுக்கு என் பதில்:

> ‘முகவரி வால்’ போதுமே. கடைசியில்தானே வருகிறது?

இடுகைக்கு மட்டும் பார்த்தால் சரி. இடுகைகளை வகைபிரிக்கும் பகுப்புக்கும் ஸ்லக் உண்டு, அது பல தளங்களில் முகவரியின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருப்பதை வால் என்று எப்படிச் சொல்வது?

> அச்சுத்தொழிலில் இருந்து வந்த சொல் என்பதால் ‘ஈயவரி’ எனலாம்.

அண்ணன் சொல்லும் வரலாறு சரியானதுதான். 1886-இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கிய லினோடைப் இயந்திரம், எழுத்து எழுத்தாகக் கோர்க்காமல் ஒரு வரியையே ஈயத்தில் ஒரே துண்டாக வார்த்துத் தந்தது. அந்தத் துண்டை ஸ்லக் என்றார்கள். பிறகு செய்தி அறையில், ஒரு செய்தி அச்சேறும்வரை அதற்கு வைத்திருக்கும் ஓரிரு சொல் அடையாளப் பெயருக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது. இணையத்துக்கு வந்தது இந்த இரண்டாவது பொருள்தான். அதனால் ஈயத்தைப் பிடித்துக்கொண்டால் பொருள் தவறிப்போகும். ‘பெயர்’ என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

> ‘குறுந்தலைப்பு’?

கிட்டத்தட்ட இதற்கு ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் தலைப்பு என்று சொன்னதும் மக்கள் தலைப்பையே அங்கும் எழுதுவார்கள். தமிழில் எழுதுகிற நமக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் தளத்திலேயே பார்த்தேன்.

அம்மாவின் சமையல் குறிப்புகளுக்காக, தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறேன். ‘மீன் குழம்பு வைப்பது எப்படி’ என்று தலைப்பு கொடுத்து, ஸ்லக் பெட்டியைத் தொடாமல் வெளியிட்டேன். முகவரியில் ‘மீன்-குழம்பு-வைப்பது-எப்’ என்று வந்து நின்றது. எப்? யாரோ ஏப்பம் விட்ட மாதிரி.

காரணம் எளிதுதான். வேர்ட்பிரஸ் இந்தப் பெயருக்குத் தரவுத்தளத்தில் ஒதுக்கியிருப்பது 200 இடம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், தமிழ் ஒருங்குறிக் (யூனிகோடு) குறி ஒவ்வொன்றும் 3 பைட். முகவரிக்காக ‘%E0’ என்பது போலச் சதவீதக் குறி போட்டு மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் 3 இடம் பிடிக்கும். ஆகக் குறி ஒன்றுக்கு 9 இடம். ‘கு’ என்பது நம் கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு க, உகரக் குறி என்று இரண்டு. இப்படிக் கணக்குப் போட்டால் ‘மீன்-குழம்பு’ மட்டுமே 100 இடத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. மொத்தத்திலேயே 22 தமிழ்க் குறிகளுக்கு மேல் இடமில்லை. நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பல நேரம் சதவீதக் குறியாக நீண்டு தொங்குவதைப் பார்த்து வைரஸ் இணைப்பா என்று கேட்பவர்களும் உண்டு.

கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர் வேறு விதம். தமிழ்த் தலைப்பு அதற்குப் பொருட்டே இல்லை. ஆண்டு, மாதம் போட்டு ‘பிளாக்-போஸ்ட்’, அடுத்து ஓர் எண். நம்மில் பலருடைய பழைய இடுகைகள் எல்லாம் இந்த ஒரே பெயரில்தான் கிடக்கின்றன. அங்கே பெயரை நாமே கொடுக்கலாம், ஆனால் ரோமன் எழுத்தில்தான்.

சரி, எல்லாவற்றையும் ரோமனுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். குழம்பில் உள்ள ழ-வுக்கு ஒரு நாள் ‘இசட்எச்’ போட்டேன், இன்னொரு நாள் ‘எல்’ போட்டேன். அதைவிடப் பெரிய தவறு, ஏற்கனவே வெளியாகிவிட்டதை மாற்றியது. இடுகையின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய பெயரை நினைவில் வைத்துக்கொண்டு 301 வழிமாற்று (பழைய இணைப்பில் வருபவரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) கொடுத்துவிடும். ‘பக்கம்’ என்ற வகைக்கு அந்த நினைவு இல்லை. ‘அம்மாவின் மசாலா அளவுகள்’ என்று நான் வைத்திருந்தது பக்கம். சித்தி மாதக்கணக்கில் குறித்து வைத்திருந்த இணைப்பு 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று காட்டியது. வழிமாற்றுகளைக் கையால் எழுதி முடிக்க இரண்டு மாலை ஆயிற்று.

சித்தி ‘என்னடா மாத்தினே?’ என்று கேட்டார். ‘பெயரை’ என்றேன். ‘தலைப்பு அப்படியேதானே இருக்கு?’ என்றார். அப்போது வாயில் வந்ததுதான் என் முன்மொழிவு. ‘சித்தி, உங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று இல்லையா? நான் மாற்றியது கூப்பிடுகிற பெயரை.’ உடனே புரிந்துகொண்டார்.

ஆகவே அழைபெயர். அழைத்த, அழைக்கிற, அழைக்கும் பெயர் என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. ஊறுகாய் போல நடுவில் ஒற்று மிகாது, தட்டச்சிலும் குழப்பமில்லை. கையேட்டு வரிகளில் போட்டுப் பார்த்தேன்:

‘அழைபெயரை வெளியிடும் முன்பே முடிவு செய்யுங்கள்.’
‘அழைபெயரில் ஆண்டைச் சேர்க்க வேண்டாம், அடுத்த ஆண்டு திருத்தி எழுதும்போது உறுத்தும்.’
‘தமிழ் அழைபெயர் என்றால் இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள்.’

மூன்றும் காதுக்கு இடறவில்லை. உங்களுக்கு?

---

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு தடை. நிரலாக்கத்தில், ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டான செயற்கூறை ‘அழைப்பது’ என்கிறோம். அழைபெயர் என்றால் செயற்கூறின் பெயர் என்று நிரலர்கள் எடுத்துக்கொள்வார்கள். வானொலி ஆர்வலர்களும் தங்கள் அடையாளக் குறிக்கு இதைக் கேட்கக்கூடும். பேசாமல் ‘ஸ்லக்’ என்றே எழுதிவிட்டால் என்ன? ‘இடுகை’க்காக எவ்வளவு மல்லுக்கட்டினோம், இன்றும் பாதிப் பேர் ‘போஸ்ட்’ என்றுதானே சொல்கிறார்கள்.

---

அண்ணா, பாதிப் பேர் சொல்கிறார்கள்தான். மீதிப் பாதி? ‘பின்னூட்டம்’ ஒரு காலத்தில் கேலிக்கு ஆளான சொல், வலைப்பதிவு எழுதியவர்களிடம் அது எவ்வளவு இயல்பாகப் புழங்கியது என்று உங்களுக்கே தெரியும்.

நிரலர் தடை நியாயமானது. ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப் போகிறவர் நிரலர் இல்லை, சித்தி மாதிரி ஆள். குழப்பம் வரும் இடத்தில் மட்டும் ‘பக்க அழைபெயர்’ என்று நீட்டிக்கொள்ளலாம். முதல் முறை வரும்போது பக்கத்தில் ‘ஸ்லக்’ என்றும் எழுதிவிடுகிறேன், திரையில் அவர்கள் பார்க்கப் போவது அதைத்தானே. வரும் சனிக்கிழமை வகுப்பில் பதினோரு பேர் இருக்கிறார்கள். விளக்கமே கொடுக்காமல் ‘அழைபெயரை மாற்றுங்கள்’ என்று மட்டும் சொல்லி, எத்தனை பேர் சரியான பெட்டிக்குப் போகிறார்கள் என்று எண்ணி வந்து எழுதுகிறேன். அதுவரை கையேட்டில் அந்த வரியை மஞ்சளாகவே விட்டு வையுங்கள்.