உதவி தேவை: ஏ0 போஸ்டரில் வரைபடம் மங்குகிறது, தமிழ் எழுத்து உடைகிறது

கயல்_கணினி:
வணக்கம். இளநிலை கணினி அறிவியல் படிக்கிறேன். ஓசிஆர் (ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) வெளியீட்டில் வரும் தமிழ்ப் பிழைகளைத் திருத்தும் மாடல் என் ஆய்வு. ஏசிஎம் என்ற சர்வதேசக் கணினியியல் சங்கம் நடத்தும் மாணவர் ஆய்வுப் போட்டியின் போஸ்டர் சுற்றில் வைக்க வேண்டும். நடுவர்கள் பெரும்பாலும் தமிழ் தெரியாதவர்கள். பவர்பாயிண்டில் ஏ0 அளவு (841 × 1189 மிமீ) வைத்துத்தான் தொடங்கினேன். மேட்பிளாட்லிப் (பைத்தானில் வரைபடம் போடும் நிரல் தொகுப்பு) வரைபடங்கள் பிடிஎஃப்-இல் மங்கலாகத் தெரிகின்றன. வரைபடத்தின் கிடை, நெடு அச்சுகளின் பெயர்களில் கொம்பு (ெ) இடம் மாறி நிற்கிறது. எங்கே அச்சடிப்பது, நடுவரிடம் எதிலிருந்து பேசத் தொடங்குவது என்பதும் புரியவில்லை.

வரைகோடு:
மங்கலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் சரிசெய்யுங்கள். மேட்பிளாட்லிப் எதுவும் சொல்லாவிட்டால் 6.4 × 4.8 அங்குலம், 100 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று சேமிக்கும், அதாவது 640 × 480 பிக்சல். அதைப் போஸ்டரில் 40 செ.மீ. அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 41 பிக்சல்தான் மிஞ்சும். குறைந்தது 150 வேண்டும். புள்ளிகளாகச் சேமிக்கும் பிஎன்ஜி-யை விட்டுவிட்டு, கோடுகளாகவே சேமிக்கும் எஸ்விஜி-யாகச் சேமியுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும். ஃபிகர் அளவைப் போஸ்டரில் அது பிடிக்கப்போகும் உண்மையான அளவிலேயே கொடுங்கள். அப்போதுதான் 24 பாயிண்ட் என்று எழுதினால் அச்சிலும் 24 பாயிண்டாக வரும்.

இரண்டாவது, பவர்பாயிண்ட் சேமிக்கும்போதே படங்களைச் சுருக்கிவிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய்ப் படங்களைச் சுருக்காதே என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். ஏற்கனவே சுருங்கிய படம் இதனால் மீளாது, மறுபடி செருக வேண்டும்.

உயிர்மெய்:
கொம்புப் பிரச்சினை எழுத்துருவின் குறை அல்ல. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கும். கொம்பை முன்னே கொண்டுவந்து வைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நிரலின் வேலை. பரவலாகப் புழங்கும் மேட்பிளாட்லிப் பதிப்புகள் அந்த வேலையைச் செய்வதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினாலும் கட்டம் கட்டமாக வருவது நிற்கும், கொம்பு நகராது.

வழி: மேட்பிளாட்லிப்பில் எஸ்விஜி ஃபாண்ட்டைப் (svg.fonttype) என்ற அமைப்பை "நன்" (none) என்று வைத்துச் சேமித்தால் எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருக்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் அது சரியாகக் கோத்துக் காட்டும். பிறகு அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பாதையாக (path, எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) மாற்றிவிட்டுப் பவர்பாயிண்டில் செருகுங்கள். நான்கைந்து பெயர்கள்தான் என்றால் இவ்வளவும் வேண்டாம், வரைபடத்தில் காலியாக விட்டு டெக்ஸ்ட் பாக்ஸில் தட்டுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. எழுத்துப் பிழை விகிதத்தை (நூறு எழுத்தில் எத்தனை தவறு என்பதை) எந்த அலகில் எண்ணினீர்கள்? "கொ" கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடுகள், கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் மூன்று. இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால் சரியான எழுத்தும் பிழையாகக் கணக்கில் ஏறும். அலகு என்ன என்று வரைபடத்தின் கீழேயே ஒரு வரி போடுங்கள்.

தமிழ் தெரியாத நடுவருக்கு ஒரே ஒரு சொல் போதும்: ஸ்கேன் துண்டு, ஓசிஆர் படித்தது, மாடல் திருத்தியது, ஆங்கிலப் பொருள், இவை ஒன்றின்கீழ் ஒன்றாக. ர-வும் துணைக்காலும் குழம்பும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதை எந்த மொழிக்காரரும் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

தாள்_உருளை:
பிளெக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். தெருப் பேனருக்கான அச்சு அது, சின்ன எழுத்து பிசிறும், விளக்கொளி பட்டால் பளபளக்கும், கனத்தால் பலகையில் குத்தும் பின்னில் (pin) நிற்காது. கட்டட வரைபடம் அச்சடிக்கும் பிளாட்டர் கடைகளில் 36 அங்குல (914 மிமீ) உருளை இருக்கும், ஏ0-வின் 841 மிமீ பக்கம் அதில் அடங்கும். மேட் தாள் கேளுங்கள். பிபிடிஎக்ஸ் (பவர்பாயிண்ட்) கோப்பைக் கொடுக்காதீர்கள், அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கொடுங்கள். விமானத்தில் போவதானால் துணியில் அச்சடித்தால் மடித்துப் பைக்குள் வைக்கலாம்.

கடைக்குப் போகுமுன் அதே பிடிஎஃப்-ஐ ஏ4 தாளில் அடித்துப் பாருங்கள். ஏ4-இன் பக்கங்கள் ஏ0-வில் சரியாகக் கால்பங்கு. 24 பாயிண்ட் அங்கே 6 பாயிண்டாகும். 35 செ.மீ. தள்ளிப் பிடித்துப் படிக்க முடிந்தால், போஸ்டரை 1.4 மீட்டரில் நின்று படிக்கலாம்.

மறுகேள்வி:
பேசுவதைப் பற்றி. இந்தச் சுற்றில் தேர்வானவர்கள்தான் அடுத்த சுற்றில் மேடையில் பேசுவார்கள், ஆகவே முதல் அரை நிமிடம் முக்கியம். பிரச்சினை ஒரு வாக்கியம், உங்கள் முடிவு ஒரு வாக்கியம், பிறகு நிறுத்திவிட்டு "ஓசிஆர் பக்கம் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை வைத்து எவ்வளவு ஆழம் போகலாம் என்று தெரியும். இடமிருந்து வலம் முழுப் போஸ்டரையும் ஒப்பிக்க வேண்டாம்.

நிச்சயம் வரும் கேள்விகள்: எதோடு ஒப்பிட்டீர்கள்? வெறும் அகராதித் திருத்தி எவ்வளவு தந்தது? பெரிய மொழி மாடலிடம் நேராகக் கேட்டால் என்ன? பயிற்சித் தரவும் சோதனைத் தரவும் ஒரே புத்தகத்தின் பக்கங்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் "ஆம்" என்றால் இப்போதே புத்தகவாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள், எண் குறைந்தாலும் அந்த எண்ணையே போடுங்கள். வழிகாட்டியோடு செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்பதை "நான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், நடுவர்கள் மதிப்பிடுவது அதைத்தான். டெமோ இருந்தால் இணையத்தை நம்பாமல் இருபது விநாடி வீடியோவாக மடிக்கணினியில் வைத்திருங்கள்.

கயல்_கணினி:
எஸ்விஜி வேலை செய்தது, கொம்பும் இடத்துக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. ஏ4-இல் அடித்தால் ஆய்வுச் சுருக்கம் மட்டும் படிக்க முடியவில்லை, 16 பாயிண்டில் இருக்கிறது. பெரிதாக்கினால் இடம் போதவில்லை.

மறுகேள்வி:
சுருக்கத்தை எடுத்துவிடுங்கள். அது ஏற்கனவே நடுவர் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் மாடல் திருத்தத் தவறிய சொற்கள் ஐந்தாறைக் காரணத்தோடு வையுங்கள்.