ஒரே மனிதருக்கு மூன்று இறப்புத் தேதி: 1937–38 சோவியத் ஆவணங்களை வாசிப்போர் கண்டவை

முதல் பதிவு

ஸ்டாலின் காலக் கைதுக் கோப்புகளில் நீங்கள் கண்டதை இங்கே எழுதுங்கள். இரண்டே ஆண்டுகளில் 6,81,692 பேருக்கு மரண தண்டனை என்ற எண்ணோடு நின்றுவிட வேண்டாம். ஒரு குடும்பத்திடம் என்ன சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், எந்தத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பதில் 1

ஒருவருக்கு இரண்டு மூன்று இறப்புத் தேதிகள் வந்தால் பதிவாளர் அலுவலகத்தின் கைப்பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அது உத்தரவுப்படி நடந்தது.

1939 முதல் உறவினரிடம் வாய்மொழியாகச் சொன்னது, "கடிதத் தொடர்பு உரிமையற்ற பத்தாண்டு முகாம் தண்டனை." ஆள் அதற்கு முன்பே சுடப்பட்டிருப்பார். பத்தாண்டுக் கெடு நெருங்கும் வேளையில், 1945 இலையுதிர்காலத்திலிருந்து, "முகாமில் இறந்துவிட்டார்" என்று பதில் மாறியது. ஸ்டாலின் மறைந்த பிறகும் பொய் நிற்கவில்லை. 1955 ஆகஸ்ட் 24 அன்று கே.ஜி.பி. (சோவியத் ரகசியப் போலீஸ்) தலைமை அதற்கு விதியே வகுத்தது: கைதான நாளிலிருந்து பத்தாண்டுக்குள் ஏதாவது ஒரு தேதி, நிமோனியா, மாரடைப்பு என்று ஏதாவது ஒரு காரணம். பென்ஷனுக்கோ வாரிசுரிமைக்கோ தேவை என்றால் அந்தப் பொய்யையே முத்திரை குத்திச் சான்றிதழாகக் கொடுத்தார்கள். 1963 முதல் உண்மைத் தேதியை எழுதலாம், காரணக் கட்டத்தில் வெறும் கோடு. ஆனால் முன்பே பொய்த் தேதி வாங்கியவர்களுக்கு அதுவே நீடித்தது. "சுடப்பட்டார்" என்ற சொல் சான்றிதழில் ஏற 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே இறப்புத் தேதிக்கு முன் சான்றிதழ் வழங்கிய ஆண்டைப் பாருங்கள். 1955–62க்குள் வழங்கப்பட்டிருந்து, இறப்பு 1942 அல்லது 1943 என்றிருந்து, இறந்த இடம் காலியாக இருந்தால் நம்பாதீர்கள். போர்க்காலப் பசியில் முகாம்களில் உண்மையாகவே ஏராளமானோர் செத்ததால் அந்த ஆண்டுகள் சந்தேகம் எழுப்பவில்லை. திதி கொடுக்கும் நாளைத் தவறவிடக் கூடாது என்று நினைக்கும் நமக்கு, ஒரு அரசு திட்டமிட்டு அந்த நாளையே பறித்தது எவ்வளவு பெரிய கொடுமை என்று புரியும்.

பதில் 2

உறவினர் கைதிக்குப் பணம் கட்டும் சிறை ஜன்னல் பற்றி ஒரு குறிப்பு. லெனின்கிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கிரெஸ்தி சிறையில் குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி நாள் ஒதுக்குவார்கள். கைதிக்கென்று நீட்டிய பணத்தை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறார். மறுத்தால் இடமாற்றமாகவும் இருக்கலாம், மரணமாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல மாட்டார்கள். பெண்கள் சிறை சிறையாகப் பணத்தோடு அலைந்தது இதற்காகத்தான்.

பதில் 3

கைதானவரின் மனைவியும் காணாமல் போயிருந்தால், அன்றைய ரகசியப் போலீஸான என்.கே.வி.டி.யின் 00486 என்ற உத்தரவைத் தேடுங்கள். தேதி 1937 ஆகஸ்ட் 15. "துரோகியின் மனைவி" என்பதே குற்றம். ஐந்து முதல் எட்டு ஆண்டு முகாம். பலர் கஜகஸ்தானின் அக்மோலின்ஸ்க் முகாமுக்குப் போனார்கள். பால்குடிக் குழந்தை தாயோடு முகாமுக்குப் போகும். ஒன்று, ஒன்றரை வயதானதும் பிரித்துவிடுவார்கள். உறவோ அறிமுகமோ உள்ள பிள்ளைகள் ஒரே காப்பகத்தில் சேரக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. அக்காவின் கோப்பு கிடைத்த ஊரில் தம்பியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டான். வேறு மாகாணங்களில் தேடுங்கள்.

பதில் 4

கோப்பை எப்படி வாசிப்பது என்று பலர் கேட்கிறார்கள். 1991 அக்டோபர் 18 சட்டம், குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டு இறந்தவரின் உறவினருக்குக் கோப்பைப் பார்க்கும் உரிமை தந்தது. கைது ஆணை, சோதனைப் பட்டியல், கைதியின் விவரப் படிவம், விசாரணைப் பதிவு, குற்றச்சாட்டு, தீர்ப்பின் சாரம், கடைசியில் தண்டனை நிறைவேற்றியதைச் சொல்லும் சின்னச் சீட்டு. பெரும்பாலும் அவ்வளவுதான்.

நான் முதலில் பார்ப்பது கைது நாளுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் இடையிலான காலி வாரங்களை. அந்த வாரங்களில் நடந்தது எந்தத் தாளிலும் இருக்காது. அடித்து வாக்குமூலம் வாங்க 1937 முதல் கட்சியின் மத்தியக் குழு அனுமதித்திருந்ததை ஸ்டாலினே 1939 ஜனவரி 10 தந்தியில் உறுதிப்படுத்தியிருக்கிறார்.

அடுத்து, தீர்ப்பு யாருடையது என்று பாருங்கள். 1937 ஜூலை 30இன் என்.கே.வி.டி. உத்தரவு 00447 மாகாணவாரியாக ஒதுக்கீடு விதித்தது. சுடப்பட வேண்டியவர்கள் முதலில் 75,950. உள்ளூர் அதிகாரிகள் கூடுதல் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். முடிவில் அந்த ஒரு உத்தரவின் கீழ் மட்டும் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அதில் தீர்ப்பு சொன்னது மூவர் குழு. கைதி முன்னிலையில் இருக்க மாட்டார், பட்டியல்தான் இருக்கும். பெரிய பதவியில் இருந்தவர்களும் வெளிநாட்டுத் தொடர்புள்ளவர்களும் பெரும்பாலும் ராணுவக் கொலீஜியத்துக்கு, அதாவது உச்ச நீதிமன்றத்தின் ராணுவப் பிரிவுக்கு, போனார்கள். அங்கே விசாரணை சில நிமிடங்கள். தண்டனையை முன்கூட்டியே ஸ்டாலினும் கட்சித் தலைமையும் பட்டியலில் கையெழுத்திட்டு முடிவு செய்திருக்கும்.

சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா இந்த இரண்டாம் வழியில் போனவர். லெனின்கிராடில் இனவியல் ஆய்வாளராக இருந்தவரை 1937 ஜூலையில் பிடித்தார்கள். செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு, அன்றே சுட்டார்கள். இன்னொரு இந்தியரான அபனி முகர்ஜியை அக்டோபர் 28 அன்று.

பதில் 5

புதைத்த இடம் தேடுவோருக்கு: தனிக் கோப்பில் இடம் இருப்பது அரிது. சுட்ட அதிகாரியின் அறிக்கைகளையும் பாருங்கள். வெண்கடல் தீவுகளில் இருந்த சொலோவ்கி சிறையிலிருந்து கொண்டுபோன 1,111 பேரை 1937 அக்டோபர் 27 முதல் நவம்பர் 4 வரை சுட்ட காப்டன் மத்வேயெவ் பின்னாளில் தானே கைதாகி வாக்குமூலம் கொடுத்தார். அதைக் கொண்டு தேடித்தான் 1997இல் வடமேற்கு ரஷ்யாவில் உள்ள கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் குழிகளைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்களில் ஒருவரான யூரி த்மித்ரியெவை 2016இல் கைது செய்தார்கள்; 2021 டிசம்பரில் அவருடைய தண்டனை 15 ஆண்டாக உயர்ந்தது. அடுத்த நாளே, சோவியத் அடக்குமுறைக்குப் பலியானவர்களை ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் தரவுத்தளத்தில் தேவையான பக்கங்களை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.