தோட்ட வேலைக்குக் குக்ரி: வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

புதர் வெட்ட, கிளை கழிக்க, சின்ன விறகு பிளக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கத்தியாகக் குக்ரி, அதாவது முன்னோக்கி வளைந்த நேபாளத்து வெட்டுக்கத்தி, போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் பல வருடமாக வைத்திருக்கிறேன். தாராளமாகப் போதும். ஆனால் கூர்மையைப் பார்க்கும் முன் பிடியைப் பாருங்கள்.

பிடி போடுவதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் இரும்பின் வால் மெலிந்து மரத்துக்குள் போகும், அரக்கு ஊற்றி இறுக்கியிருப்பார்கள். இன்னொன்று பனாவல்: பிடியின் முழு நீளத்துக்கும் இரும்பு பட்டையாக ஓடும், இரு பக்கமும் மரம் வைத்து ரிவெட் அடித்திருக்கும். முதல் வகை கைக்கு இதமானது, வெட்டும்போது அதிர்வு குறைவு. ஆனால் அரக்கு சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த ஒரு குக்ரி, பிடிக்குள் லொடலொடவென்று ஆடியதைப் பார்த்திருக்கிறேன். கட்டை பிளக்கிற வேலை அதிகம் என்றால் பனாவல்தான் என் தேர்வு. எருமைக் கொம்புப் பிடி அழகுதான், ஆனால் வியர்த்த கையில் வழுக்கும், வறண்ட காற்றில் வெடிக்கும். மரமே நல்லது. நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தையும் தடவிப் பாருங்கள், சிலருக்கு அது உள்ளங்கையைக் கன்ற வைத்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, இரும்பு மட்டும் 10 அங்குலம் இருந்தாலே ஏராளம். அதற்கு மேல் போனால் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும், ஓய்ந்த கைதான் குறி தவறும். கொடி, மெல்லிய கிளை என்றால் ‘சிருபாத்தே’ என்கிற ஒல்லியான வகை போதும். தடித்த கிளைக்கு, வயிறு (கூர்ப்பக்கம் வெளியே புடைத்திருக்கும் பகுதி) அகன்ற ‘போஜ்புரே’ வகை.

*

மேலே சொன்ன நண்பர் பிடியைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன். கிழக்கு நேபாளத்தில் தரான் போயிருந்தபோது ஒரு பட்டறையில் நின்று முழுதாகப் பார்த்தேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டாதான் மூலப்பொருள். அடித்து வடிவம் வந்து, அரம் போட்டு முடிந்ததும், கடைசியாகத் தோய்ச்சல், அதாவது காய்ந்த இரும்பைச் சட்டென்று குளிர வைத்துக் கெட்டியாக்குவது. கத்தியைத் தண்ணீரில் முக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் செய்தது வேறு. செக்கச்செவேலென்று காய்ந்த கத்தியை உலையிலிருந்து எடுத்து, கூர்ப்பக்கம் மேலே வரும்படி பிடித்துக்கொண்டு, தேநீர்க் கெட்டிலின் மூக்கு வழியாக மெல்லிய தாரையாகத் தண்ணீரை அந்த விளிம்பில் மட்டும் ஓட்டினார். வயிற்றுப் பகுதியில் திரும்பத் திரும்ப. முதுகில் தண்ணீர் நேராகப் படவே இல்லை.

அதனால்தான் விளிம்பு கெட்டியாகவும் முதுகு இளக்கமாகவும் இருக்கிறது. ஓங்கி வெட்டினாலும் முறிவதில்லை. அந்தக் கெட்டி, வயிற்றில்தான் அதிகம். நுனியும் பிடிக்கு அருகில் உள்ள பகுதியும் அவ்வளவு கெட்டி கிடையாது. எனவே வெட்டு எப்போதும் வயிற்றில் விழட்டும், நுனியைச் செருகி நெம்பாதீர்கள்.

வாங்கும்போது விற்பவர் சம்மதித்தால் ஒரு சின்ன அரத்தால் வயிற்று விளிம்பில் லேசாக உரசுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் சரி. மண்ணைச் சுரண்டுவது போல அரம் கடித்தால் அந்தக் கத்தி வேண்டாம். காத்மாண்டு தமேல் கடைகளில் சிங்கத் தலைப் பிடியும் பூ வேலைப்பாடுமாகத் தொங்குகிறதே, அதில் பெரும்பாலானவை சுவரில் மாட்டத்தான். வேலைக்கான குக்ரிக்கு அலங்காரம் தேவையே இல்லை.

*

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை: உருவும் விதம். உறை என்பது இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்துத் தோல் சுற்றியது. உறையை முழுக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு உருவினால், கூர் மரத்தின் இணைப்பைப் பிளந்து விரலை வெட்டிவிடும். என் உறவினர் ஒருவருக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. விரல்கள் கூர்ப்பக்கம் வராமல் உறையை முதுகுப் பக்கமாகப் பிடியுங்கள், கத்தியின் முதுகு உறையில் உரசியபடியே மெதுவாக வெளியே வரட்டும். வீட்டில் மற்றவர்கள் தொடுவதற்கு முன் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் தீட்டுவது. உள்வளைவு இருப்பதால் தட்டையான சாணைக்கல் முழுக்கப் படாது. உருண்டைக் குச்சியில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் வளைவோடு போகும். வேலை முடிந்ததும் மரப்பாலைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். துருப்பிடிக்கிற இரும்பு இது. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் உறைக்கு வெளியே, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.