உறைபனிக் காலத்து ஹோர்ட்டன் சமவெளி: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

நுவரெலியா வேன்காரன்

மார்கழி பிறந்தால் போதும், என் கைபேசிக்கு ஒரே கேள்விதான் வரும். "அண்ணே, பனி விழுந்துட்டா?" கொழும்பிலிருந்து கேட்பார்கள், மட்டக்களப்பிலிருந்து கேட்பார்கள். கனடாவில் இருக்கிற ஒருவர்கூட வருடம் தவறாமல் கேட்கிறார். அங்கே இல்லாத பனியா என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. பிழைப்பு.

பதினேழு வருடமாக ஹோர்ட்டன் சமவெளிப் பாதையில் வேன் ஓட்டுகிறேன். நுவரெலியாவில் கிளம்பி அம்பேவல, பட்டிப்பொல வழியாக மேலே ஏறினால் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மற்ற மாதங்களில் அது ஒரு விஷயமே இல்லை. மார்கழி, தை, மாசிதான் கதை. மழை விட்டு, வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் இரவு முழுக்க நட்சத்திரம் தெரிந்தால் மறுநாள் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். வேனின் முன் கண்ணாடியில் உப்பை அள்ளி அப்பியது போல இருக்கும். புதிதில் அவசரப்பட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி ஒரு கண்ணாடிக்கு விரிசல் விழ வைத்தேன். இப்போது காலாவதியான வங்கி அட்டை ஒன்றால் சுரண்டுகிறேன். அந்த அட்டை எனக்கு உதவியது அதற்கு மட்டும்தான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தைப்பொங்கல் விடுமுறை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பதினொரு பேர். காலை நாலரைக்கு வேன் வாசலில் நிற்கும் என்று முந்தின இரவே சொல்லிவிட்டேன். நின்றேன். ஐயா சுடுதண்ணீரில்தான் குளிப்பார், பிள்ளைகள் கம்பளியை விட்டு வர மாட்டார்கள், பெரிய மகளுக்குக் கையுறை ஒன்று காணவில்லை. கிளம்பும்போது ஆறே கால். சமவெளி வாசல் ஆறு மணிக்கே திறந்துவிடும். நாங்கள் பட்டிப்பொல தாண்டி ஏறினால், வாசலுக்கு வெகு தூரம் முன்பே வாகன வரிசை. விடுமுறை நாளில் அப்படித்தான்.

வாசலில் அடுத்த தாமதம். உள்ளே பொலித்தீன் போகக்கூடாது, பைகளைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கிற லேபலைக்கூட உரித்து எடுத்துக்கொண்டுதான் விடுவார்கள். எங்கள் ஆட்களோ இடியப்பத்தைப் பதினொரு லஞ்ச் ஷீட்டில் தனித்தனியாகக் கட்டி வந்திருக்கிறார்கள். பதினொன்றையும் அவிழ்த்து, கைக்குக் கிடைத்த எவர்சில்வர் சட்டியில் மொத்தமாகக் கொட்டினோம். சம்பல் எது, சொதி எது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்ற வேன்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

சமவெளி சட்டென்று செங்குத்தாக முடிகிற 'உலக முடிவு' என்ற பாறை விளிம்புக்குப் போய்ச் சேர மணி பத்தரை. முன்னால் ஒரே வெள்ளைச் சுவர். 870 மீற்றருக்குக் குறையாத பள்ளம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன், அங்கே 8 மீற்றரும் தெரியவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதைப் பாக்கவோ தம்பி எங்களை விடிய நாலு மணிக்கு எழும்பச் சொன்னனீர்?"

"நீங்கள் எழும்பவே இல்லையே அம்மா" என்றேன். நல்ல மனுசி, சிரித்துவிட்டார்.

இந்த இடத்தின் சிக்கல் எனக்கு அன்றுதான் முழுசாக உறைத்தது. பூங்கா 3,160 ஹெக்டேயர். ஆனால் வருகிற எல்லோரும் மிதிப்பது ஒன்பதரைக் கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்றைத்தான். அதிலும் சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று மூன்றே இடங்கள். வெயில் ஏற ஏறக் கீழ்ப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மலைச்சுவரில் மோதி மேலே வந்து முகிலாகிவிடும், ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு காட்சி கிடைப்பது அதிர்ஷ்டம். ஆக ஒரு நாள் கூட்டம் மொத்தமும் ஒரே பாதையில், ஒரே மூன்று மணி நேரத்துக்குள், ஒரே பாறை விளிம்புக்குப் போய்விடப் பார்க்கிறது. இடத்துக்குப் பஞ்சமில்லை. நேரத்துக்குத்தான் பஞ்சம். வாசலில் இன்னும் பத்து ஊழியரை நிறுத்தினாலும் சூரியனைத் தள்ளிப்போட முடியாது.

திரும்பி இறங்கும்போது தார் ரோட்டில் ஒரு மூக்குக்கொம்பு ஓணான். விரல் நீளம்தான் உடம்பு, மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு முள். இலங்கை மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பிராணி. குளிருக்கு விறைத்துப்போய், சூடு பிடிக்கத் தாருக்கு வந்து அப்படியே உட்கார்ந்திருந்தது. ஹோர்ன் அடித்தேன், அசையவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தேன். ஒரு கால், அப்புறம் யோசனை, அப்புறம் இன்னொரு கால் என்று ரோட்டைக் கடக்க நாலு நிமிடம். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தே காதைக் கிழித்தார்கள். காலை ஐந்தரைக்கு எல்லோரும் விரட்டிக்கொண்டு ஏறும்போது இப்படி எத்தனை நசுங்குதோ.

உங்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.


லிந்துலை டீச்சர்

அண்ணே, உங்கள் இடியப்பக் கதையைப் படித்துச் சிரித்தேன். எங்கள் கதையில் சிரிப்பு கொஞ்சம் குறைவு.

மாசி மாதம், நாற்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், குளிர் அவர்களுக்குப் புதிதில்லை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பிழை எங்களுடையது. தோட்டத்துக் குளிருக்கு அடுப்படி இருக்கிறது. 2,100 மீற்றருக்கு மேலே வெட்டவெளியில் காலை ஆறரைக்கு அடுப்பு ஏது? பாதிப் பேர் ரப்பர் செருப்பில் வந்திருந்தார்கள். உறைபனி உருகத் தொடங்கியதும் பாதை சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படியில் ஒரு மாணவன் வழுக்கி, நாலு படி உட்கார்ந்தபடியே போனான். கை சிராய்த்ததோடு போயிற்று. அவனுக்கு வலியைவிட, எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் பெரிய துக்கம்.

நடைபாதை தொடங்குகிற ஃபார் இன் கட்டடத்துப் பக்கம் மரை மான் ஒன்று, கொம்போடு, ஏதோ பக்கத்து வீட்டு மாடு மாதிரி எங்களிடம் நடந்து வந்தது. ஒரு பிள்ளை பிஸ்கட்டை நீட்டிவிட்டாள். அங்கிருந்த உத்தியோகத்தர் ஓடி வந்து தடுத்தார். திட்டவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: ஆட்கள் கையால் தின்று பழகியது பிறகு புல்லைத் தேடாது, பையைத் தேடும், பையோடு பொலித்தீனையும் விழுங்கிவிடும். சிங்களத்தில் பேசினார், எங்கள் மாணவன் ஒருவன் தமிழில் சொன்னான். நான் வகுப்பில் ஒரு தவணை முழுக்கச் சொன்னது அந்தப் பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

உலக முடிவில் பையன்கள் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு செல்பி எடுக்கப் போனார்கள். 2015 இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் அங்கே படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்ததையும், கீழே மரத்தில் தங்கியதால் பிழைத்ததையும், இராணுவத்தினர் இறங்கித் தூக்கி வந்ததையும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் பின்வாங்கினார்கள். அதாவது, முன்வாங்கினார்கள்.

நாங்கள் நேரத்தோடு போனதால் கீழே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் கடல் தெரிகிறதா என்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளை ஒருத்தி நேர் கீழே கையைக் காட்டினாள். "மிஸ், அங்க லயம் தெரியுது. புகை வருது பாருங்க. ரொட்டி சுடுறாங்க போல." தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் தகரக் கூரைகள் தீப்பெட்டி அளவில், மேலே நூல் மாதிரி புகை. அப்புறம் நாற்பத்திரண்டு பேரும் கடலை விட்டுவிட்டு லயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.


கல்முனை வாசகன்

அக்கா, ஆறு வயதுப் பிள்ளையோடு அந்தச் சுற்றுப்பாதை நடக்கலாமா?


லிந்துலை டீச்சர்

நடக்கலாம் தம்பி, மூன்று, மூன்றரை மணி நேரம் எடுக்கும். கடைசி ஒரு கிலோமீட்டர் நீங்கள்தான் தூக்கவேண்டி வரும்.


கந்தப்பளை கொழுந்துக்காரி

என் மகன்தான் இதை வாசித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான்.

நீங்க எல்லாரும் பனி பார்க்க வாறீங்க. நல்லா பாருங்க, வேண்டாமென்று சொல்லவில்லை. நான் முப்பத்தோரு வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். எங்களுக்குப் பனி என்றால் வேறு. பள்ளத்தில் இருக்கிற தேயிலை மலையில்தான் முதலில் விழும், குளிர் தண்ணி மாதிரி கீழே இறங்கி அங்கே தேங்கும். விடிய வெள்ளையாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். வெயில் பட்டதும் அந்தக் கொழுந்து கறுத்துப்போகும். பனி சுட்ட கொழுந்தைக் கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிரும். நெருப்பில்லாமல் எரிந்த மாதிரி. ஒரு மலை முழுக்கக் கருகினால் அது துளிர்க்க வாரக் கணக்காகும். அதுவரைக்கும் கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அரைப்பேர் என்றால் என்னவென்று தெரியும். காய்கறித் தோட்டம் வைத்திருப்பவன் நிலைமையும் அதேதான், ஒரே இரவில் உருளைக்கிழங்குச் செடி படுத்துவிடும்.

ஒரு தை மாதம் காலையில் நாங்கள் கூடையோடு நின்று கருகின மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரோட்டில் வேன் நின்றது. நாலு பேர் இறங்கி, புல்லில் மிச்சமிருந்த பனியை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். எங்களையும் படம் எடுத்தார்கள். கோபம் வரவில்லை, சின்னப் பிள்ளைகள். "சிரிங்கம்மா" என்றார்கள். சிரித்தோம்.

அந்தப் படம் எங்கேயாவது இருக்கும்.


மஸ்கெலியாவிலிருந்து ஒருவன்

சமவெளியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாகச் சேர்த்தபோது ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர், எங்கள் சிவனொளிபாதமலைக் காடு மூன்றையும் ஒன்றாகத்தான் சேர்த்தார்கள். எங்களுக்கும் இதே மாதங்கள்தான். மார்கழிப் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரைக்கும் சீசன். உங்களுக்காவது வாசல், டிக்கட், பை சோதனை இருக்கிறது. சாமி கும்பிட வருகிறவனை எந்த வாசலில் நிறுத்துவது? இரவு முழுக்க ஏறுவார்கள், சூரிய உதயத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சியில் நிற்கவேண்டும். வேன்கார அண்ணன் சொன்ன அதே கணக்கு, இங்கே படிக்கட்டில். கடைசிப் படிகளில் ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம் நின்ற நாள் உண்டு. குளிரில் பல்லு தந்தி அடிக்கும், முன்னால் நிற்கிற கிழவி மட்டும் வெறுங்காலோடு தேவாரம் பாடிக்கொண்டு நிற்பார்.

சீசன் முடிந்து கூட்டாளிகளோடு குப்பை பொறுக்கப் போனேன். போத்தல், பிஸ்கட் உறை, கிழிந்த மழைச்சட்டை. படிக்கட்டில் இருந்தது பரவாயில்லை, குனிந்தால் எடுக்கலாம். பக்கத்துச் சரிவில் எறிந்ததை எடுக்கக் கயிறு வேண்டும்.

இன்னொன்று. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை கண்ணியில் மாட்டியது ஞாபகமா? உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் செத்துப்போனது. பன்றிக்குப் போட்ட கண்ணி. இந்த மலையில் கருஞ்சிறுத்தை நடமாடியது என்றே பலருக்கு அது செத்த பிறகுதான் தெரியும்.


பட்டிப்பொல பெரியவர்

பிள்ளைகளே, சமவெளியில் வாசலும் வரிசையும் இல்லாத காலத்தைப் பார்த்தவன் நான். 1960களில் அங்கே விதை உருளைக்கிழங்கு போட்டார்கள், என் தகப்பனார் அங்கே வேலை செய்தவர். 1969 இல் சரணாலயம், 1988 இல் தேசியப் பூங்கா. காலையில் கிழங்குச் சாக்கைத் தூக்கினால் சாக்கு விறைத்து பலகை மாதிரி நிற்கும் என்பார் தகப்பனார். நாங்கள் ஓஹிய ஸ்டேசனில் இறங்கி, பதினொரு கிலோமீட்டர் நடந்து ஏறுவோம். அதில் சூடு பிடித்துவிடும், ஸ்வெட்டர் தேவைப்படாது.

மஞ்சள் பூப் பூத்த முட்புதர் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அது கோர்ஸ், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. புல்வெளியைத் தின்றுகொண்டு போகிறது. எங்கள் ஊர்ப் பையன்கள் சிரமதானத்தில் பிடுங்கப் போவார்கள். வேரோடு வராவிட்டால் திரும்ப முளைக்கும், வேரோடு இழுத்தால் கை கிழியும். படம் எடுங்கள், பூவைப் பறித்துக்கொண்டு போய் வீட்டில் மட்டும் நடாதீர்கள்.


நுவரெலியா வேன்காரன்

கந்தப்பளை அம்மா, அந்த வேன் என்னுடையதாக இருக்கக்கூடாது என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருக்கவும் கூடும். அந்த ரோட்டில் பனிக்காக எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறேன், மேலே மலையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கல்முனைத் தம்பி தனியாக எழுதிக் கேட்டிருந்தார், தை கடைசியில் வருகிறாராம். தம்பி, வார இறுதியும் போயா நாளும் வேண்டாம், செவ்வாய் புதன் பாருங்கள். பிள்ளைக்குச் சப்பாத்து, காலுறை இரண்டு சோடி. தண்ணீருக்கு ஃபிளாஸ்க். ரொட்டியை வாழை இலையில் சுற்றுங்கள், லஞ்ச் ஷீட் கண்டிப்பாக வேண்டாம். நாலரைக்கு வாசலில் நிற்பேன். கண்ணாடியை அதற்கு முன்பே சுரண்டி வைத்திருப்பேன்.