புதுப்பிப்பு: அக்கா மகளின் ஆங்கிலக் கடிதம்

பறவை ஆய்வு வேலைக்கு விண்ணப்பிக்கும் அக்கா மகளுக்காக, ஆர்வத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதிக் காட்டுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடிதம் நேற்று போய்விட்டது.

‘வெரி வெரி எக்ஸைட்டட்’, வரிக்கு வரி ஆச்சரியக்குறி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்துப் போவாள். ஊருக்குள் வீட்டோர மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகள், எந்த மரத்தில் எத்தனை கூடு, குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் எந்தக் கரையில் மேய்கின்றன, எல்லாம் நோட்டில் இருக்கும். அதை அப்படியே எழுதச் சொன்னேன். அவளுடைய துடிப்பு அந்த நாலு வரியில்தான் தெரிகிறது. படிக்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

‘கீன் டு லேர்ன்’ ஒரே ஒரு தடவை. கடைசியில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’. அங்கே ‘மீட்’ வராது, ‘மீட்டிங்’தான் என்று ஒருவர் சொன்னது நல்ல நேரத்தில் கிடைத்தது. ‘ஆங்ஷியஸ்’ வேண்டாம் என்றதும் சரிதான். ஆவலோடு கவலையும் சேர்ந்து தொனிக்கும்.

பதில் வந்ததும் எழுதுகிறேன்.